மாலை போட்டவரை அடிக்கக் கூடாது

கைப்பேசியில் குத்துச்சண்டைச் செய்திகள் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஒரு தோல்விகூட இல்லாத பெரிய வீரர் ஒருவர், தன்னைச் சாய்த்துவிடக்கூடிய ஆளோடு மோதுவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போவார். தோள்பட்டை வலி என்பார், எடை ஒத்துவரவில்லை என்பார், ஒப்பந்தத்தில் ஏதோ ஒரு வரி பிடிக்கவில்லை என்பார். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பாவம், அந்த மாதிரி வீரர்களுக்குப் பக்கத்தில் பழனி இல்லை. என் மாமாவுக்கு இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். பகலில் பைக் ஷோரூமில் வேலை. சாயங்காலம் மேலூர் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பாக்சிங் வகுப்பு. கொட்டகை வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். அதில் கிளவுஸ் மாட்டிய மாமா, அவருக்குப் பின்னால் காரணமே இல்லாமல் ஒரு புலி, இருவருக்கும் மேலே ‘தோல்வியே காணாத’ என்று சிவப்பு எழுத்து. பிள்ளையைச் சேர்க்க வருகிற அப்பாக்கள் அந்த எழுத்தை வாசித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள். ஒன்பது வயதில் நானும் அங்கே கற்றுக்கொண்டேன். பெண்பிள்ளை நான் ஒருத்திதான். தோற்காதவரின் அக்கா மகள் என்பதால் பையன்கள் என்னிடம் அடக்கமாகவே நடந்துகொண்டார்கள்.

மாமா தோற்றதில்லை என்பது உண்மை. யாரோடு மோதினார் என்பதை யாரும் கேட்டதில்லை. போட்டிக்கு அழைப்பு வந்தால் எதிராளி எந்த ஊர், யாரிடம் கற்றான், இடது கைக்காரனா, எவ்வளவு நேரம் மூச்சு தாங்குவான் என்றெல்லாம் ஆள் விட்டு விசாரிப்பார். திருப்தியானால்தான் சம்மதம். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவன்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான் என்று அப்பா சொல்வார், அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. விசாரணையில் தேறி வந்தவர்கள் பெரும்பாலும் ஒடிசலாக, லேசான இருமலோடு, பார்க்கவே பாவமாக இருப்பார்கள். மாமா இரண்டு குத்து விடுவார். அவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். நான் கை வலிக்கத் தட்டுவேன்.

தேறாதவர்களுக்குத்தான் மாலை. முரட்டு ஆள் யாராவது மோத வருகிறான் என்று காதில் விழுந்தால், மறுநாள் காலையில் மாமா கழுத்தில் மாலை ஏறிவிடும். கார்த்திகை என்றால் ஐயப்பன், தை என்றால் பழனி, பங்குனி என்றால் எங்கள் தெரு மாரியம்மனுக்குக் காப்பு. நம் ஆட்கள் எதைக் கேள்வி கேட்டாலும் விரதத்தைக் கேட்க மாட்டார்கள். மாலை போட்டவர் சாமி. சாமியை யாரும் அடிக்கக் கூடாது, சாமியும் யாரையும் அடிக்கக் கூடாது. வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மாமாவின் பக்தியை நினைத்து எனக்குப் பெருமை தாங்காது.

இப்படி இருக்கையில் ஒரு கார்த்திகையில் சோழவந்தானிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை. கைகள் நீளம், பேச்சு நிதானம். அவர் வரப்போகிற தகவல் முந்தின வாரமே வந்துவிட்டதால் மாமா கறுப்பு வேட்டியில் தயாராக இருந்தார்.

“நான் ரெண்டு தடவ தோத்திருக்கேண்ணே. உங்களோட ஒருக்கா போட்டுப் பாக்கணும்னு ஆசை” என்றார் வந்தவர். அப்புறம்தான் மாலையைப் பார்த்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் சாமி என்று கும்பிட்டு, கொண்டுவந்த வெற்றிலைக் கட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். தோற்றதை ஒரு மனிதர் ஊர் பேர் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னது எனக்கு என்னவோபோல் இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். நான் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மலைக்குப் போய் வந்ததும் அந்தப் பையனோடு ஒருமுறை மோதித்தான் பாரேன் என்று அம்மா சொன்னாள். மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒருக்கா தோத்தா அம்புட்டுதான்க்கா. அதுக்கு முன்னாடி ஜெயிச்சத எவனும் எண்ண மாட்டான். அந்த ஃப்ளெக்ஸ நம்பித்தான் பிள்ளைகள அனுப்புறாங்க.”

அம்மா தோசையைத் திருப்பினாள். தோற்கவே முடியாதவர் தோற்பதைப் பற்றி எதற்குப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டே நான் இன்னொரு தோசை கேட்டேன்.

சபரிமலையிலிருந்து மாமா திரும்பியதும் அந்த அண்ணனும் திரும்ப வந்தார். அதற்குள் மாமா பழனிக்கு மாலை போட்டுப் பச்சை வேட்டிக்கு மாறியிருந்தார். வந்தவர் அந்த வேட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் அதே மாதிரிப் பச்சை வேட்டி, கழுத்தில் மாலையோடு எங்கள் வாசலில் நின்றார்.

“நானும் போட்டுட்டேன் சாமி. சேந்தே நடப்போம், சேந்தே கழட்டுவோம்.”

அப்பா அவசரமாக உள்ளே போய் வெகுநேரம் இருமினார். அவருக்கு இருமல் எதுவும் கிடையாது.

துணைக்கு அப்பாவும் சேர்ந்துகொள்ள, மூன்று பேருமாகப் பழனிக்கு நடந்தார்கள். வழியில் நடந்ததை அப்பாதான் வந்து சொன்னார். பாதி தூரத்திலேயே மாமாவின் காலில் கொப்புளம் கிளம்பிவிட்டதாம். சோழவந்தான் அண்ணன் மாமாவின் பையையும் சேர்த்துச் சுமந்தாராம், தங்குகிற இடத்தில் விளக்கெண்ணெய் தடவிக் காலைப் பிடித்துவிட்டாராம். வேண்டாம் வேண்டாம் என்று மாமா காலை இழுத்துக்கொண்டே இருந்தாராம். பிடித்துவிட்ட கைதான் குத்தப் போகிற கை என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

திரும்பி வந்ததும் பிள்ளையார் கோயிலில் பூசாரி இருவர் மாலையையும் கழற்றினார். மாலை தட்டில் விழுந்த கையோடு, “எப்பண்ணே வச்சுக்கலாம்?” என்று கேட்டார் அந்த அண்ணன். அத்தனை நாள் சாமியாக இருந்தவர் அந்த இடத்திலேயே அண்ணே ஆகிவிட்டார். மாமா வெறுங்கழுத்தைத் தடவிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் நிற்க இடமில்லை. பிள்ளைகளின் அப்பாக்கள் சித்தப்பாக்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார்தான் நடுவர். முதல் சுற்றில் மாமாவின் குத்து போய்ச் சேரவே இல்லை, அந்த நீளக் கை அதற்கு முன்பே வந்து நின்றது. இரண்டாவது சுற்றில் மாமா விழுந்தார். மாமா விழக்கூடியவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எழுந்தார். மூன்றாவது சுற்றில், உதட்டில் ரத்தத்தோடு, அவர் குத்திய குத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருமல்காரர்களிடம் அதற்கு வேலையே இருந்ததில்லை. சோழவந்தான் அண்ணன் கயிறு வரைக்கும் பின்வாங்கினார். ஆனாலும் வாத்தியார் கடைசியில் தூக்கியது அவர் கையைத்தான்.

நான் கதறி அழுதேன். மாமாவும் அழுவார் என்று பார்த்தால், வீங்கிய உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி அவர் கன்னத்தில் வைத்தாள். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“இன்னைக்குத்தான் மாப்ள நீ சண்ட போட்டு நான் பாத்தேன்.”

அப்பாவின் குரலில் கொஞ்சமும் கிண்டல் இல்லை.

மறுநாள் மாமாவே ஏறி ஃப்ளெக்ஸை இறக்கினார். அம்மா அதைப் பின்பக்கமாகத் திருப்பி மாடியில் விரித்து மிளகாய் காயவைத்தாள். சில பிள்ளைகள் வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சோழவந்தான் அண்ணனும் வந்து சொல்லிக்கொடுத்தார். அவர் மேல் இருந்த கோபத்தில் நான் கொஞ்ச நாள் அவரிடம் பேசவில்லை.

அடுத்த கார்த்திகை வந்தது. தெருவில் ஒவ்வொருவராகக் கறுப்பு வேட்டி கட்டினார்கள். மாமா கட்டவில்லை. தை வந்தது, பச்சையும் கட்டவில்லை. மேலூரிலிருந்து ஒரு முரட்டு ஆள் கூப்பிட்டபோது “வாரேன்” என்று மட்டும் சொன்னார். போய் இன்னொரு முறை தோற்றார். எப்படித் தோற்றேன் என்று எனக்கு நடித்துவேறு காட்டினார். ஊரே விரதம் இருக்கிற மாதத்தில் சோழவந்தான் அண்ணனோடு உட்கார்ந்து கறிதோசை சாப்பிட்டார். ஒரு தோல்விக்காகச் சாமியோடு இப்படி முறைத்துக்கொள்ளலாமா என்று எனக்குப் பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். மாமாவை மன்னித்துவிடு, அவருக்குப் பழையபடி பக்தியைக் கொடு என்று வேண்டிக்கொண்டு, அவர் பங்குக்கும் சேர்த்துத் தோப்புக்கரணம் போட்டேன்.