உச்சி முகர்தல்

கடைக்காரர் சின்ன வெங்காயச் சாக்கைப் பிரித்ததும், திண்டுக்கல்லில் அப்பா எடை போட்டுக்கொண்டிருந்த குடோனுக்குள் போய் நின்றுவிட்டேன். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. அப்போது அங்கே வெங்காயச் சருகு எந்நேரமும் காலடியில் சரசரக்கும், காற்றடித்தால் பறந்து தலையில் ஒட்டும், அந்தச் சருகுக் குவியலில் குட்டி போட்டிருந்த செவலை நாயோடுதான் பள்ளிக்கூடம் விட்டதும் நான் தனியாகப் பேசிக்கொண்டிருப்பேன். அதன் ஒரு குட்டியை, தாய் படுத்திருந்த சாக்கிலேயே சுற்றி, ஒட்டன்சத்திரத்து லாரிக்காரர் கொண்டுபோனார். என் தங்கை போனதும் அந்த ஊருக்குத்தான். பிள்ளையில்லாத பெரியம்மாவுக்கு அவளைக் கைக்குழந்தையாகவே கொடுத்திருந்தார்கள்.

ஒரு தீபாவளிக்கு முன்பு பெரியம்மா தங்கையோடு அதே லாரியில் வந்து இறங்கினாள். பின்னாலேயே, வளர்ந்துவிட்ட குட்டியும் குதித்தது. செவலை உறுமிக்கொண்டே போய் அதன் காதடியை மோந்தது, வயிற்றை மோந்தது, பிறகு முகத்தை நக்க ஆரம்பித்தது.

"பெத்ததுக்குத் தெரியாதுங்களா? வாசத்துலயே கண்டுக்குமுங்க," என்று லாரிக்காரர் சிரித்தார். அப்பா தராசைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

சோற்றுத் தூக்கோடு வந்திருந்த அம்மா, மெல்லக் குனிந்து தங்கையின் உச்சியை முகர்ந்தாள்.

தங்கை விலகிப்போய்ப் பெரியம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, இவங்க யாருங்க?"