சுடுதண்ணியின் சர்வர்

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் சுடுதண்ணி. முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. ஆனால் மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், "சுடுதண்ணி வருது" என்று மேஜைக்கு மேஜை செய்தி பறந்துவிடும். அலுவலகக் கணினிகள் எல்லாவற்றையும் இணைக்கும் சர்வரையும், அதில் கணக்கு வைத்திருக்கும் அத்தனை பேரையும் கட்டி மேய்ப்பதுதான் அவர் வேலை.

கோபம் அவருக்குச் சும்மா வரவில்லை. பாஸ்வேர்டைத் தாளில் எழுதித் திரையிலேயே ஒட்டி வைக்கிற புத்திசாலிகள் ஒரு பக்கம். அதையும் தொலைத்துவிட்டு, "உங்க சர்வர் சரியில்ல சார்" என்கிறவர்கள் இன்னொரு பக்கம். டிஸ்க் நிரம்பி வழிகிறது, புதுசு வாங்குங்கள் என்று தொண்டை வற்றக் கத்தினாலும், "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று பல்லைக் காட்டுகிற மேனேஜர் ஒருவர். இவர்களோடு மாரடிக்கிற எவனுக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

எல்லாவற்றையும்விட, லாக்-அவுட் செய்யாமல் நாற்காலியை விட்டு எழுந்து போகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். முன்பு ஒருமுறை அப்படித் திறந்து கிடந்த கணக்கில் எவனோ புகுந்து விளையாட, பழி இவர் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து ஹால் வாசலிலேயே கத்த ஆரம்பித்துவிடுவார். இப்போதெல்லாம் அவர் குரல் கேட்டதுமே, இடத்தை விட்டு அசையாதவர்கள்கூட, எதற்கு வம்பு என்று சேமித்துவிட்டு லாக்-அவுட்டைத் தட்டிவிடுவார்கள்.

அவர்களில் அவருடைய மச்சினியும் ஒருத்தி, மனைவியின் கூடப் பிறந்த தங்கை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அன்று பிற்பகலுக்குள் அவள் ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் இயக்குநர் அவளை நிரந்தரமாக்குவதைப் பற்றி முடிவு செய்வார். சிபாரிசில் வந்தவள் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காகவே அவளுக்கு மட்டும் திட்டு ஒரு பங்கு கூடுதலாக விழும்.

மதியம் சர்வரின் பிழைச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு வரியை இரண்டாம் முறை படித்தார். டிஸ்கில் இடமில்லாததால் காலையில் மச்சினியின் கணக்கு சரியாகத் திறக்கவில்லை. அப்படி ஆனால் சர்வர் ஆளை வெளியே நிறுத்தாது. தற்காலிகமாக ஒரு வெற்றுக் கணக்கைக் கொடுத்து உள்ளே விட்டுவிடும். அதில் எழுதலாம், சேமிக்கலாம். ஆனால் லாக்-அவுட் செய்த நொடியில் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிடும். காலையிலிருந்து அவள் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த அறிக்கையை அவர் நகல் எடுத்திருக்கலாம். அந்தப் பொறுமை அவருக்கு எங்கே இருந்தது? படிகளில் தடதடவென்று இறங்கினார்.

"டிஸ்க் வாங்குங்க, டிஸ்க் வாங்குங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, ஒருத்தனாவது காதுல வாங்கினானா?" என்று கத்திக்கொண்டே ஹாலுக்குள் நுழைந்தார். "யாரும் எதையும் தொடாதீங்க!"

அதற்குள் ஹால் முழுக்கத் தொட்டு முடித்திருந்தது. மச்சினியின் திரையில் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி மட்டும் நின்றது.

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"உங்க சத்தம் கேட்டுச்சு சார். கை தானா போயிடுச்சு."

சர்வரை அடிமுதல் நுனிவரை துழாவினார். அறிக்கை போனது போனதுதான். மேனேஜர் எட்டிப் பார்த்து, "முடியலைன்னா விடும்மா, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். சுடுதண்ணி பொங்கிவிட்டார். "நீங்க டிஸ்க் வாங்கித் தந்திருந்தா இந்தக் கதியே வந்திருக்காது சார்!" மேனேஜர் அதே சிரிப்போடு நகர்ந்துவிட்டார். அடங்காத ஆத்திரம் மச்சினி பக்கம் திரும்பியது.

"காலையில பார்த்ததுமே தெரியலையா உனக்கு? உன் ஃபைல் ஒண்ணுகூட இருந்திருக்காதே!"

"தெரிஞ்சுது. திரையில வச்சிருந்த என் பொண்ணு போட்டோவையே காணோம். உங்களைக் கூப்பிடலாம்னு போனைக்கூட எடுத்தேன்."

"எடுத்தவ பேச வேண்டியதுதானே? அப்புறம் ஏன் வச்ச?"

அவள் தலை நிமிரவில்லை. அலுவலகத்தில் அதுவரை ஒரு நாளும் கூப்பிடாத விதத்தில் கூப்பிட்டாள்.

"நீங்க கத்துவீங்கன்னுதான் வச்சிட்டேன், அத்தான்."

அவருக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. யாரையாவது நாலு வார்த்தை நன்றாகக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஹாலைச் சுற்றிப் பார்த்தார். தன்னைத் தவிர, கேட்பதற்கு வேறு ஆள் மிச்சமில்லை.