எங்கே போகிறாய் என்று கேட்கச் சொன்ன அத்தை

எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று பொருள். அன்று காலை சத்தம் நின்றபோது என் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாடப் புத்தகத்தை மூடிவிட்டு வாசலுக்கு வந்தேன். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் தறிக் கொட்டகையின் வாசலில் கைபேசியைப் பிடித்தபடி நின்றிருந்தார். திருப்பதி மருத்துவமனையில் அத்தையோடு இருந்த அம்மாதான் கூப்பிட்டிருக்கிறார்.

"அத்த போய்ட்டா, பாப்பா" என்றார் நைனா. சொல்ல விட்டுப்போனதைச் சேர்ப்பவரைப் போல, "தூக்கத்துலயே போய்ட்டாளாம். கஷ்டப்படலயாம்" என்றார்.

அத்தையோடு திருப்பதியில் வேலை பார்த்த ஆசிரியைகள் கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார்கள். உங்களில் பலருக்கு என் அத்தை காஞ்சனா, வகுப்பறையில் உரக்கச் சிரிக்கும் ஆங்கில ஆசிரியை. அவர் தாய்லாந்துக்குப் போய் ஆங்கிலம் கற்பித்ததும், விடுமுறை கிடைத்தபோதெல்லாம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆசியாவைச் சுற்றியதும் உங்களுக்குத் தெரியும். நகரியில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது தெரியாது. அதைச் சொல்வதுதான் என் பங்கு என்று நினைக்கிறேன்.

வெளியே கிளம்புகிறவரை "எங்கே போகிறாய்" என்று கேட்கக் கூடாது என்பது உங்கள் வீடுகளிலும் இருக்கும். எங்கள் தெருவில் அது சட்டம். யாராவது தவறிக் கேட்டுவிட்டால், கிளம்பியவர் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படியிறங்க வேண்டும். அத்தை முதன்முதலாகத் தாய்லாந்துக்குக் கிளம்பிய காலையில் தெருவே வாசலில் நின்றதாம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நைனா வாசலுக்கே வரவில்லை. கொட்டகைக்குள் ஏதோ இழை அறுந்துவிட்டது என்று போனவர், கார் தெருமுனை திரும்பும்வரை வெளியே தலை காட்டவில்லை.

இழை எதுவும் அறுந்திருக்காது என்று அம்மா சொல்வார். தாத்தா இறந்த பிறகு நைனாதான் அத்தையை வளர்த்து எம்.ஏ. வரை படிக்க வைத்தார். தங்கை திருப்பதியில் வேலை பார்க்க வேண்டும், சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. "ஊர் ஊரா சுத்தறதுக்கா உன்ன படிக்க வெச்சேன்?" என்று ஒரே ஒரு முறை கேட்டாராம். அதற்குப் பிறகு அத்தையின் பயணத்தைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. அத்தை ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வருவார். நைனா நல்ல கறி வாங்கி வருவார், புதுப் பாய் வாங்கி வருவார். ஆனால் அந்த ஊர் எப்படி இருக்கிறது, அங்கே என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அத்தை திரும்பிக் கிளம்பும் நாளில் கொட்டகையில் இழை அறுந்துவிடும்.

அத்தை கற்பித்த ஊர் மேகாங் ஆற்றங்கரையில் இருக்கிறது. அக்கரை லாவோஸ் நாடு. அங்கே போன முதல் வாரத்தில் அத்தை தினமும் பள்ளிக்குத் தாமதமாகப் போனார். ஏன் என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"காலைல கதவ பூட்டிக்கினு இருக்கேன், பக்கத்து வூட்டு அம்மா வாசல் பெருக்கிக்கினே எங்க போறன்னு கேக்குது. நான் போன்ல கத்துக்கினு போன நாலு வார்த்தைல அதுவும் ஒன்னு. புரிஞ்சு தொலச்சிடுச்சு. ஐயையோன்னு உள்ள போய் ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டு வந்தா, எதிர்ல நூடுல்ஸ் கடக்காரம்மா கேக்குது. மறுபடியும் உள்ள. அடுத்த வாட்டி ஒரு பிக்கு கேக்கறாரு பாப்பா! சாமியாரே கேட்டா தோஷம் டபுளா, இல்ல தோஷமே இல்லியான்னு தெரியாம நடுரோட்ல நின்னுட்டேன்."

அந்த ஊரில் அது வணக்கம் சொல்வதைப் போல. எதிரில் வருகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். சும்மா சுற்றிவிட்டு வருகிறேன் என்று சொன்னாலே போதும். அத்தை தன் தாமதத்துக்குக் காரணம் சொன்னபோது தலைமையாசிரியை அம்மாள், "தண்ணீர் குடிப்பது நல்ல பழக்கம்தான், அதைப் பள்ளிக்கு வந்து குடியேன்" என்றாராம். அதோடு விடாமல், அன்று மாலையே அத்தையின் தெருவுக்கு வந்து, இந்த இந்திய டீச்சரை யாரும் எதுவும் கேட்காதீர்கள், அவர்கள் ஊரில் அது ஆகாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் துடைப்பத்தைப் பார்த்தார். நூடுல்ஸ் கடைக்காரம்மாள் அத்தை வருவது தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினார். அத்தை சரியான நேரத்துக்குப் பள்ளிக்குப் போனார்.

"கரெக்ட் டயத்துக்குப் போய்ட்டு சாயந்தரம் வந்து அழுதேன். அந்த ஊர்ல நான் இருக்கறதே யாருக்கும் தெரியாத மாதிரி ஆய்டுச்சு. அப்பதான் புரிஞ்சுது. கேக்கறவங்க தடுக்கறதுக்குக் கேக்கல பாப்பா. கூடவே கொஞ்ச தூரம் வர்றதுக்குத்தான் கேக்கறாங்க."

அடுத்த நாள் அத்தை தானாகவே நூடுல்ஸ் கடைக்குப் போய், தெரிந்த நாலு வார்த்தையையும் கையையும் காலையும் ஆட்டி, தயவுசெய்து என்னைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் அடுப்பைவிட்டு வெளியே வந்து, தெருவே கேட்கும்படி சத்தமாகக் கேட்டாராம்.

அந்த ஊரில் அத்தைக்கு இன்னொரு வியப்பும் இருந்தது. முதல் நாள் வருகைப் பதிவேட்டை வாசித்தபோது நடுவில் 'காஞ்சனா' என்று இருந்தது. தன் பெயரைத் தானே கூப்பிட்டுவிட்டோமோ என்று நிறுத்தினார். பின்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து கைகூப்பினாள். நம் ஊரைப் போலவே அங்கேயும் அந்தப் பெயரைப் பெண்களுக்கு வைக்கிறார்கள் என்று அத்தைக்கு அப்போதுதான் தெரிந்தது. "நைனா கிட்ட சொல்லு, நான் ஒன்னும் தூரமா போய்டல, என் பேரு எனக்கு முன்னாடியே இங்க வந்து பெஞ்சுல ஒக்காந்துக்கினு இருக்குது" என்றார் வீடியோ அழைப்பில். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். நைனா "அப்படியா" என்று சொல்லிவிட்டுத் தறிக்கு எண்ணெய் விடப் போனார். ஆனால் சிரித்ததை நான் பார்த்தேன்.

அத்தை அங்கிருந்து எந்த நாட்டுக்குப் போனாலும் பஸ்ஸிலும் ரயிலிலும் படகிலும்தான் போவார். விமானத்தில் பக்கத்தில் இருப்பவர் எதுவும் கேட்கமாட்டார் என்பது அவருடைய குறை. வியட்நாமில் ஒரு படகுக்கார அம்மாள் கேட்டதும், கம்போடியாவில் தாமரை விற்கிறவர் கேட்டதும் எனக்குக் குரல் செய்திகளாக வந்து சேரும். பினாங்கில் ஒரு தெருவில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் மட்டும் கேட்கவில்லை. அத்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வாம்மா" என்றாராம். "நம்ம ஜனம்னு அடுத்த நொடியே தெரிஞ்சிடுச்சு. கட்டிப்புடிச்சிக்கலாம் போல இருந்துச்சு. ஆனா கேட்டிருக்கலாம்" என்றார் அத்தை.

விடுமுறைக்கு வந்தபோது எங்கள் தெருவையும் கேட்க வைக்கப் பார்த்தார். எதிர்வீட்டுப் பாக்கியம்மா கன்னத்தில் கை வைத்தார்.

"இன்னாடி காஞ்சனா, வெளிநாட்டுத் தண்ணி குடிச்சா சாங்கியம்லாம் கரைஞ்சு போய்டுமா?"

"கேளுக்கா. கடைக்குத்தான் போறேன். தேங்கா வாங்கறதுல இன்னா காரியம் கெட்டுடப் போவுது?"

"தேங்கா அழுகிப் போய்ருக்கும். வந்து என்னத் திட்டுவ."

ஆனால் தெருவில் நாங்கள் சிறியவர்கள் எல்லோரும் கேட்போம். அத்தை ஒவ்வொருவருக்கும் நின்று முழுப் பதில் சொல்வார். எந்தக் கடை, எந்த வழி, திரும்பும்போது என்ன வாங்கி வருவேன் என்பதுவரை. ஒருநாள் அப்படிச் சொல்லி முடித்தபின், கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒரு நாள் எங்கண்ணன் கேக்கணும் பாப்பா. ஒரே ஒரு வாட்டி. அதுக்காக பிளைட்ட உட்டாலும் பரவால்ல."

சென்ற ஆண்டு அத்தை நோயோடு திரும்பி வந்தார். திருப்பதியில் மருத்துவம் நடந்தது. நைனா தறியை ஆளிடம் விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் கூட்டிப்போய்க் கூட்டி வந்தார். இளநீர் வெட்டித் தந்தார், காலுக்குத் தைலம் தேய்த்தார். ஆனாலும் தாய்லாந்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. அத்தைக்கு மிஞ்சியிருக்கும் நாள் குறைவு என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கேள்வி வராமலே போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நானே நைனாவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "சொல்லிக்குடுத்துக் கேக்கறது பரிட்சை. எனக்கு அது வேணாம்" என்றார் அத்தை.

மாம்பழக் காலம் வந்தது. ஒருநாள் காலை அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அத்தை புடவை மாற்றிக்கொண்டு, பழைய பயணப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பில் கால் நுழைத்தார். நிற்கவே கஷ்டப்பட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன். அப்போது நைனா எண்ணெய்க் கிண்ணத்தோடு கொட்டகை வாசலுக்கு வந்தார். அத்தையைப் பார்த்தார். பையைப் பார்த்தார்.

"ஏ காஞ்சனா! எங்க போற?"

தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று கத்தியிருந்தார். தெரு முழுக்கக் கேட்டது.

"இன்னாய்யா, நீயே கேட்டுப்புட்ட!" என்று பாக்கியம்மா பதறினார். "உள்ள வாம்மா. ஒக்காரு. ஒரு வாய் தண்ணி குடி மொதல்ல."

அத்தை படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்துக்கொண்டிருந்தார். "தண்ணியும் வேணாம் ஒன்னும் வேணாம்க்கா. எங்கண்ணன் கேட்டுடுச்சு!"

நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். அத்தை நிமிர்ந்து அவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்ணா. அங்கிருந்து சித்தூரு. சித்தூர்ல பஸ் மாறி பங்காருபாளையம். எத்தினி தேசம் சுத்துனேன், நம்ம ஜில்லாவுல மாங்கா மண்டிய பாத்ததில்ல. அத பாக்கப் போறேன். அப்பறம் ஒடம்பு சரியாச்சுன்னா சென்னை, அங்கிருந்து பாங்காக். பாங்காக்ல ரயில் ஏறுனா கடசி ஸ்டேசன் ஆத்தங்கரை. எறங்கி நடந்தா ஒரு நூடுல்ஸ் கட. அதுக்கு எதுர் வூடுதான் என் வூடு."

நைனா படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "அங்க சோறு துன்னுவியா, அந்த நூடுல்ஸையே துன்னுக்கினு இருந்தியா?"

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. தறியை நிறுத்திவிட்டு, வண்டி பிடித்து, எங்களையும் ஏற்றிக்கொண்டு பங்காருபாளையம் போனார். வழி முழுக்கக் கேள்விகள். அந்த ஆறு நம்ம குசஸ்தலை மாதிரி காஞ்சு கெடக்குமா? மழ வந்தா வூடு ஒழுவாதா? ஜுரம் வந்தப்ப யாரு கஞ்சி வெச்சுக் குடுத்தாங்க? ஒவ்வொன்றுக்கும் அத்தை நிதானமாக முழுப் பதில் சொன்னார். மண்டியில் மலை மலையாய்க் கிளிமூக்கு மாங்காய். ஏலம் விடுகிறவர் தெலுங்கில் கத்துவதை அத்தை ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து ரசித்தார். அங்கே மாங்காயைச் சர்க்கரையும் மிளகாய்த் தூளும் தொட்டுத்தான் தின்பார்கள் என்று அவர் சொன்னதும், நைனா போய் இரண்டையும் வாங்கி வந்தார். ஒரு கீற்றைத் தொட்டு வாயில் போட்டார்.

"எப்டிண்ணா இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. இத துன்றதுக்கு அவ்ளோ தூரம் போய்ருக்க."

அத்தை சிரித்த சிரிப்பில் ஏலக்காரரே ஒரு நொடி நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

அந்தக் காலைக்குப் பிறகும் அத்தை சில மாதங்கள் இருந்தார். தினமும் சாயங்காலம் நைனா கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏதாவது ஓர் ஊரைக் கேட்பார். லாவோஸ், வியட்நாம், மலேசியா என்று எல்லா ஊருக்கும் அவர் போய் வந்தது அப்படித்தான். கடைசியாக மருத்துவமனைக்குக் கிளம்பியபோது பாக்கியம்மா வாசலில் வந்து நின்று, இரண்டு முறை தொண்டையைச் செருமிவிட்டு, "எங்கடி போற?" என்று கேட்டார். அத்தை காரிலிருந்து கைநீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சும்மா சுத்திட்டு வரேன்க்கா" என்றார்.

அத்தையின் பயணப் பை என்னிடம் இருக்கிறது. குரல் செய்திகளும் இருக்கின்றன. ஆனால் நான் வைத்துக்கொண்டது எது என்று கேட்டால், அந்தக் கேள்வியைத்தான் சொல்வேன். காரியம் முடிந்து நான் பள்ளிக்குக் கிளம்பிய முதல் நாள், சைக்கிளை வாசலில் இறக்கியபோது கொட்டகையிலிருந்து நைனா வந்தார். நான் சீருடையில் இருந்தேன். முதுகில் புத்தகப் பை.

"எங்க போற பாப்பா?"

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன். "ஸ்கூலுக்கு நைனா. மொதல் பீரியட் தெலுகு. மத்தியானம் லேப். சாயந்தரம் லைப்ரரிக்குப் போய்ட்டு வருவேன்."

"அப்பறம்?"

"பத்தாவது முடிச்சு திருப்பதியில ஜூனியர் காலேஜ்."

"அப்பறம்?"

"சீக்கிரம் சொல்டி, பெல் அடிச்சுடப் போறான்" என்றார் எதிர்வீட்டுப் பாக்கியம்மா.

"அப்பறம் தெரியல நைனா."

"தெரிஞ்சப்ப சொல்லு" என்றார் நைனா. "நான் கேட்டுக்கினேதான் இருப்பேன்."