கரையிலிருந்து தூரம்

அந்தப் படத்தைப் பென்சிலால் கீறியது நான். அவனல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் சொல்லமாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

யுத்த காலம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளுக்கு வகுப்பு முழுவதற்கும் ஒரே புத்தகம். முறை வைத்துக் கையால் பிரதி எடுப்போம். எந்தக் கணக்கைத் திறந்தாலும் வட்டம். வட்டத்துக்குள் வெப்பம், வட்டத்துக்குள் அலை. சலித்துவிட்டது. என்னோடு படித்தவன் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை வயற்காரர் வீட்டுப் பிள்ளை. நான் இந்தப் பக்கம், நகரை ஒட்டிய நாவற்குடா.

"வட்டம் காணும், போதும். நம்மட வாவிய எடுப்பம்" என்றேன்.

"டவுண்காரிக்கு விசர்" என்றான். என்றாலும் பென்சிலைச் சீவித் தந்தான்.

பழைய புவியியல் புத்தகத்தின் மேல் எண்ணெய்த்தாள் வைத்து வாவியின் கரையை ஒற்றி எடுத்தேன். கணக்கு இதுதான்: கரையில் விடை பூச்சியம். உள்ளே எந்தப் புள்ளியிலும் விடை, கிட்டிய கரைக்கு உள்ள தூரம். எங்கும் ஒரே சரிவில் அது ஏற வேண்டும். சமன்பாடு கேட்பது அவ்வளவே. குறியீடுகளோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. கீறினால் போதும். கரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் செங்குத்தாக உள்நோக்கி ஒரு கதிர். சம தூரப் புள்ளிகளைச் சேர்த்தால் கரையைப் போலவே வளைகிற கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாய். சமன்பாட்டைக் கண்ணால் தீர்க்கலாம் என்பது எனக்கு அப்போது பசியை மறக்கடிக்கிற சந்தோஷம்.

என் கதிர்களை நான் நிறுத்தவில்லை. இக்கரையில் புறப்பட்டவை அக்கரை வரை ஓடின.

"நிப்பாட்டு புள்ள" என்றான். "அறுவடை முடிஞ்சு வயல் வட்டையில வைக்கல் எரிக்கிறது கண்டிருக்கியா? வயல்ர நாலு வரம்பாலயும் நெருப்பு வெச்சா, நெருப்பு எங்க போகும்?"

"நடுவுக்கு."

"சந்திச்சா மறுகா?"

"அணையும். அங்கால எரிய ஒண்டுமில்லையே."

"அதுதான். உன்ட கதிரும் அங்க சாகணும்."

நெருப்புகள் சந்திக்கும் இடங்களைச் சிவப்புப் பென்சிலால் தொட்டுக்கொண்டே போனான். வாவிக்கு முதுகெலும்பு முளைத்தது. அந்த மடிப்பில் மட்டும் சரிவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது. இரண்டு கரையும் சம தூரம். இருவரும் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு எதையும் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

கடைசியாக நான் ஒரு வேலை செய்தேன். படம் அழகாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு கோட்டிலும் மீட்டரில் தூரத்தை எழுதினேன். நூறு, இருநூறு, முந்நூறு. கதிர்களுக்கு அம்புத்தலை வைத்தேன். துவக்குச் சத்தத்தில் எது தூரம், எது கிட்ட என்று பிரித்தறியத் தெரிந்த எனக்கு, அந்தத் தாளை ஒரு சிப்பாய் எப்படிப் பார்ப்பான் என்பது தெரியவில்லை. கணக்கு என்றால் கணக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை, பிரதி எடுக்க அவன் தாளைக் கேட்டான். கொடுத்தேன். பஸ்ஸில் சோதனைச்சாவடி வரை வந்தோம். எல்லோரும் இறங்கி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. சிப்பாய் ஒருவன் அவனுடைய பையிலிருந்து தாளை வெளியே எடுத்தான்.

"என்ன இது?"

"கணக்கு, சேர்."

"கணக்குக்கு ஏன் தண்ணி? ஏன் மீட்டர்?"

இன்னொருவன் வந்தான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கரையிலிருந்து புறப்படும் அம்புகள் மேல் ஒரு விரல் நகர்ந்தது.

"யார் கீறினது?"

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான், சேர்."

பத்தடி தூரம். சொல் என் வாயில் இருந்தது, உமிழ்நீரோடு. கொண்டக்டர் "ஏறுங்க, ஏறுங்க" என்று கத்தினான். அவனைத் தவிர எல்லோரும் ஏறினார்கள். நானும் ஏறினேன்.

பத்தாம் நாள் அவன் தாய் தோணியில் வந்து எங்கள் வீட்டைத் தேடிப் பிடித்தார். "என்னத்த மகள் அவன் கீறினவன்?"

ஒரு தாளில் மறுபடி கீறிக் காட்டினேன். கை தானாகப் போனது. அவர் படத்தைவிட என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

"இது வைக்கல் எரிப்புதானே" என்றார். பாடமே எடுக்காமல் விளங்கிவிட்டது அவருக்கு. "இத அவங்களுக்கு ஆரும் சொல்லல்லயா?"

"விளங்கினவங்க ஒருத்தரும் அங்க இருக்கல்ல" என்றேன்.

இராணுவ முகாம்களில் காட்ட ஒரு கடிதம் கேட்டார். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்: இது வகுப்புப் பாடம், வரைபடம் அல்ல. என் பெயர் போடவில்லை.

அதைக் கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கிவிட்டு, மழை தொடங்கிய பிறகு திரும்பவும் வந்தார். கடிதம் மடிப்புகளில் கிழிந்திருந்தது. "கையெழுத்தில்லாத கடிதாசிய என்னெண்டு நம்புறதெண்டு கேக்கிறாங்க மகள். கீறினது ஆரெண்டும் எழுதட்டாம்."

பேனையைத் திறந்தேன். பின்னாலிருந்து அவன் தாயை நோக்கி என் அம்மாவின் குரல் வந்தது. "பொம்புளப் புள்ள, அக்கா."

அவ்வளவுதான் சொன்னார். பேனை தாளில் தொட்ட இடத்தில் மை ஊறிப் பெருத்தது.

அவன் தாய் என் கைக்குக் கீழிருந்து கடிதத்தை மெல்ல இழுத்தெடுத்தார். "பறவாயில்ல மகள். ஒரு புள்ள போனது காணும்" என்றார்.

அவன் வரவில்லை. அவரும் பிறகு வந்ததில்லை. அன்றைக்கு, ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தார். கிணற்றடிக்குப் போய்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகுதான் போனார்.