வாசல் சுவரில் கடவுச்சொல்

1. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தேன். வலது காலில் ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு.

2. அப்பா கோவில்பட்டியிலிருந்து போன் செய்து, "வேலைய விட்டுட்டு வந்துரு தாயி" என்றார்.

3. உதிரிபாக வரைபடங்களை வீட்டிலிருந்தே போட மேலாளர் சம்மதித்தார். வீட்டு நெட்வொர்க்கில் வெளியாள் யாரும் நுழைய முடியாது என்பதை அவரே வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால் வேலை நீடிக்கும், இல்லையென்றால் கோவில்பட்டிதான்.

4. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் ராதம்மா ஆன்ட்டியின் பிராட்பேண்டில் வயர்லெஸ் ரௌட்டர் மாட்டி, பதினான்கு எழுத்தில் கடவுச்சொல் வைத்து அவருக்கும் சொன்னேன்.

5. மூன்றாம் நாள் அது வாசல் சுவரில் இருந்தது.

மேலே பால் இரண்டு பாக்கெட், கீழே கேஸ் புக் செய்த எண், நடுவில் சாக்பீஸில் என் கடவுச்சொல். அறைத்தோழி கவிதா வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. ஆன்ட்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எத்தன பேருக்குப் பாப்பா வாயால சொல்றது? பக்கத்து வீட்டு டீச்சர் வந்தாங்க, எதிர்வீட்டு இஞ்சினியர் வந்தாரு. பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு ஒரே கொழப்பம். ஒரு தப்பில்லாம எழுதியிருக்கேன், போய்ப் பாரு."

"ஆன்ட்டி, அது பூட்டு."

"பூட்டுதானே? சாவிய எல்லாருக்கும் காட்டியாச்சு. இனி எவன் ஒடைக்கப் போறான்?"

எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கே பூட்டுப் போடுவோம். தண்ணீர் வரும் நாளில் அம்மா சாவியோடு பக்கத்திலேயே நிற்பாள். ஓசூரில் நான் வந்து சேர்ந்த இந்தத் தெருவில் ஆன்ட்டியின் போர்வெல் ஓடினால் ரப்பர் குழாய் மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும். டீச்சர் அங்கிருந்து கன்னடத்தில் "சாக்கு, சாக்கு" என்று சொல்லும்வரை தெலுங்கு பேசும் ஆன்ட்டி மோட்டாரை நிறுத்த மாட்டார். போதும் என்ற சொல்லை நான் கன்னடத்தில் கற்றது அப்படித்தான். தண்ணீருக்கு இருக்கும் சட்டமே இணையத்துக்கும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

கடவுச்சொல்லை மாற்றினேன். அன்று மாலையே கால் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க நால்வர் மாடியேறி வந்தார்கள். டீச்சர் ஒப்பட்டு கொண்டுவந்தார், நம் ஊர் போளிதான். எல்லாரும் மாவுக்கட்டைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, புதுச் சொல் என்ன என்று கேட்டார்கள். இணைப்பு ஆன்ட்டியுடையது, மறுக்க எனக்கு உரிமை இல்லை. ஒப்பட்டையும் தின்றுவிட்டேன்.

படுத்தபடியே காகிதத்தில் கட்டங்கள் போட்டுப் பார்த்தேன். கவிதா பெங்களூரில் பழைய சாமான் கடையிலிருந்து இன்னொரு ரௌட்டர் வாங்கிவந்தாள். அதை முதல் ரௌட்டருக்குப் பின்னால் மாட்டி, அதன் வயர்லெஸை அணைத்து, கம்பெனிக் கணினியை மட்டும் கேபிளில் சேர்த்தேன். முன்னால் இருப்பது தெருவுக்கு. பின்னால் இருப்பது எனக்கு. சுவரில் புதுச் சொல்லை எழுத ஆன்ட்டிக்கு நானே எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

மேலாளர் வந்தார். மாடியேறும்போதே முகம் சரியில்லை.

"என்னம்மா, வாசல்லயே எழுதிப் போட்டிருக்கு?"

"அது தெருவுக்கு சார். வேலைக்கு வேற."

அவர் தன் லேப்டாப்பில் சுவரின் சொல்லை அடித்து உள்ளே போனார். டீச்சர் பேத்தியின் பிறந்தநாள் படங்கள் கிடைத்தன. இஞ்சினியரின் பாட்டுகள் கிடைத்தன. ஒரு மணி நேரம் தேடியும் என் கணினி கிடைக்கவில்லை. ஆன்ட்டி காபியோடு வந்து, அவர் பாடுபடுவதைப் பார்த்து இரக்கப்பட்டார்.

"கெடைக்கலயா சார்? நான் வேணா ஒவ்வொரு எழுத்தா சொல்லட்டுமா?"

"கெடைக்கக் கூடாதும்மா. அதுக்குத்தான் வந்தேன்."

"அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார் ஆன்ட்டி. மேலாளர் காபியைக் குடித்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

இன்றைய நிலவரம் இது. மாவுக்கட்டு பிரிக்க இன்னும் இரண்டு வாரம். வேலை இருக்கிறது. வரவில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். என் மேசையில் கம்பெனிக் கணினி உள் நெட்வொர்க்கில் தனியாக இருக்கிறது. அதன் அருகே என் சொந்த லேப்டாப் தெருவோடு சேர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு சாண் தூரம். ஒன்றிருப்பது மற்றதற்குத் தெரியாது. நாற்காலியைத் திருப்பித் திருப்பி இரண்டிலும் நான் இருக்கிறேன்.