ஊசி தொடாத இடம்

"இடது பெருவிரல்," என்றான் கண்ணை மூடியபடி.

"சரி."

"குதிகால்."

"சரி."

"கணுக்கால். போற போக்குல காலைப் பாயோட சேர்த்துத் தைச்சிடாதே."

"தைச்சாலாவது ஒரு இடத்துல கிடப்பீங்க," என்றாள் தையல்காரி.

அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். பத்து மாதத்துக்கு முன் லிப்ட் குழிக்குள் இரண்டு மாடி ஆழம் விழுந்தான். தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே உடம்பு அவனுடையதாக இல்லாமல் போயிற்று. சோதனைச் சிகிச்சை என்று சொல்லி, அவன் இடுப்பெலும்பின் மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்து, அடிபட்ட இடத்தில் செலுத்தினார்கள். நான்கு மாதமாயிற்று. நாளை பரிசோதனை. உணர்ச்சி திரும்பியிருந்தால் இரண்டாம் தவணை உண்டு. இல்லாவிட்டால் அத்தோடு சரி.

டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் ஊசியால் குத்திப் பார்த்தாள். மூன்று வாரமாக ஒன்றுகூடத் தப்பவில்லை.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரி தலையை நீட்டினாள். "அக்கா, தைச்ச சட்டை கை இறுக்குது."

"மதியம் கொண்டாங்க." ஊசி பிடித்த கையைத் தூக்கி, அவளைப் போகச்சொல்லி ஆட்டினாள். கதவு சாத்திக்கொண்டது.

"முழங்கால்," என்றான் அவன்.

ஊசி பிடித்த கை அந்தரத்தில் நின்றது; முழங்காலை அது இன்னும் தொடவேயில்லை.

இரண்டு மூச்சு. "வலது பெருவிரல்." இரண்டு மூச்சு. "குதிகால்." ஒவ்வொரு தடவையும் முகத்தில் சின்னச் சுளிப்பு. குத்துப்பட்டவனின் சுளிப்பு.

அவள் தன் கையைப் பார்த்தாள். பொத்தான் தைத்துப் பழகிய கை. இடமிருந்து வலம், கீழிருந்து மேல், ஒரே இடைவெளி. ஒருநாளும் அது வரிசை மாறியதில்லை.

"இப்பக் கொஞ்சம் ஆழமாக் குத்துறே," என்றான்.

ஊசியைத் தன் சேலை முந்தானையில் செருகிக்கொண்டாள். இரண்டு கையும் மடியில் இருந்தன.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது." மூடிய இமையோரம் ஈரம் கசிந்தது. "நல்லா வலிக்குது. எல்லாம் சரியாச் சொன்னேனா?"

அவனுக்கு வலித்துக்கொண்டிருந்த கால்களையே பார்த்திருந்தாள். அவை அசையாமல் கிடந்தன.

"ம். எல்லாம் சரி."

மறுநாள் பதினோரு மணிக்கு டாக்டர் அவன் கண்ணைக் கட்டி, வரிசையில்லாமல் இருபது இடத்தில் குத்தினார். அவன் தன் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனான். இரண்டு பொருந்தின. தற்செயல் என்றார் டாக்டர். இரண்டாம் தவணை இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்டார்கள். அவன் தூங்கினான். நாலு மணிக்கு மழை வந்தது. அவள் கொடியிலிருந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டாள்.