கிழக்குச் சுவருக்கு வந்த கம்பி

எங்கள் வீட்டு ரவுட்டருக்கு இரண்டு கொம்புகள், ஐந்து விளக்குகள். ஐந்தும் இன்றுவரை ஒழுங்காக எரிகின்றன. அப்படியிருக்க, கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது, இனி இதை நம்பி இருக்கக் கூடாது என்று விடுமுறைக்கு வந்த பேத்தி சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

"நல்லாத்தானே கண்ணு ஓடுது?"

"ஓடுதுங்க தாத்தா. ஆனா இதுல ஓட்டை இருந்தா அடைச்சுத் தர இனி ஆள் இல்லீங்க. எவனாச்சும் உள்ள பூந்தாலும் நமக்குத் தெரியாது."

அவள் சொன்னதைவிட அடுத்து அவள் செய்ததுதான் என்னைச் சுட்டது. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்து வீடு என் சித்தப்பா மகனுடையது. இரண்டு வீட்டுக்கும் ஒரே களம், நடுவில் ஒரு பலா மரம். அவன் வீடுவரை புது ஃபைபர் லைன் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் கம்பம் நட ஆள் வரவில்லை. எங்களுக்கு இன்னும் பழைய தொலைபேசி லைன்தான். அவன் வீட்டுப் பெட்டிக்கு நான்கு கொம்புகள். போகிற போக்கில் எண்ணிவிட்டுத்தான் வந்தேன். என் பேத்தி நாள் முழுக்க அந்த நான்கு கொம்புக்குக் கீழே உட்கார்ந்து படித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வீட்டுப் பெட்டி ஒன்றைப் பார்த்து என் வயிறு எரிவது இது முதல் முறை அல்ல.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது, மலைமேல் இருக்கும் எங்கள் வாழவந்தி நாட்டில், எங்கள் பக்கத்திலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் ரேடியோ இருந்தது. மரப்பெட்டி, மூன்று திருகுகள், முன்னால் மஞ்சள் துணி. மின்சாரம் வராத காலம். செங்கல் போன்ற ஒரு பெரிய பேட்டரியில் அது பாடும். பலா மரத்துக்கும் எங்கள் கூரைக்கும் நடுவில் அப்பா ஒரு செம்புக் கம்பி கட்டியிருந்தார். அந்தக் கம்பி பிடித்துத் தந்தால்தான் மலைக்கு மேல் பாட்டு வரும். சாயங்காலமானால் எங்கள் களத்தில் கூட்டம். யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்வது என் வேலை.

ஒருநாள் பேட்டரி தீர்ந்தது. புதிது வாங்கச் செம்மேட்டுக்குப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பினார். அந்த மாதிரி பேட்டரி செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். ரேடியோமேல் ஒரு துண்டைப் போர்த்தினார். அதோடு எங்கள் கூட்டமும் போயிற்று.

அடுத்த அறுவடை முடிந்ததும் சித்தப்பா ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி வந்தார். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. நான்கு பேட்டரிக் கட்டைகள் போட்டால் போதும். ஆனால் எங்கள் வீடுகள் இருந்த பள்ளத்தில் அது கொரகொரவென்று இரைந்ததே தவிரப் பாடவில்லை. சித்தப்பா அதைத் தூக்கிக்கொண்டு களமெல்லாம் சுற்றினார். நான் அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

என் மகிழ்ச்சி அந்த வாரம்கூட நிலைக்கவில்லை. சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தார்.

"அண்ணா, அந்தக் கம்பி சும்மாத்தான கெடக்குது..."

அப்பா ஏணியை எடுத்தார். எங்கள் கூரையிலிருந்து கம்பியை அவிழ்த்துச் சித்தப்பா வீட்டுக் கூரையில் கட்டினார். அதன் நுனியை டிரான்சிஸ்டரில் சுற்றியதும் நாதஸ்வரம் கணீரென்று வந்தது. கூட்டம் அங்கே போயிற்று. என் தங்கையும் போனாள். யார் எங்கே உட்கார வேண்டும் என்று இப்போது சித்தப்பா மகன் சொன்னான். அவனுக்கு அப்போது விழுந்த முன்பல்கூடத் திரும்ப முளைக்கவில்லை.

எங்கள் கம்பியை வாங்கிக்கொண்டதாவது போகட்டும். அதில் வந்த பாட்டை எங்கள் காதிலேயே கொண்டுவந்து கொட்டினார்கள். சித்தப்பா சத்தத்தை முழுக்கத் திருகிவைப்பார். சத்தம் கூடினால் கட்டை சீக்கிரம் தீரும் என்பது எனக்கே தெரியும். தீர்ந்த கட்டைகளைச் சித்தி ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்து எடுத்து மறுபடி போடுவாள். அத்தனை பாடுபட்டும் சத்தத்தைக் குறைக்கவில்லையென்றால் அது எங்களுக்குக் காட்டத்தானே? நான் உள்ளறையில் காதைப் பொத்திக்கொண்டு வாய்ப்பாடு சொல்வேன்.

அப்பாவோ, ஏழேகால் மணிக்குச் செய்தி முடியும்வரை, மிளகுக் கூடையை எடுத்துக்கொண்டு கிழக்குச் சுவரோரம் போய் உட்கார்ந்து மிளகு உருவிக்கொண்டிருப்பார். சித்தப்பா வீடு இருந்த பக்கம் அது. ஏனப்பா அங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "இங்கதான் கண்ணு வெளிச்சம் நல்லா இருக்குது" என்பார்.

ஒரு சாயங்காலம் டிரான்சிஸ்டர் நடுப்பாட்டில் முனகி அடங்கியது. வெயிலில் காய்ந்த கட்டைகளும் கைவிட்டுவிட்டன. நான் எழுந்து குதித்தேன். அப்பாவும் எழுந்தார். எங்கள் டார்ச் விளக்கைத் திறந்து மூன்று கட்டைகளையும் உருவி எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்கு நடந்தார். அவர்களிடம் நல்லது ஒன்று இருந்தது. நான்காயிற்று. பாட்டு வந்தது. அன்று இரவு எங்கள் அம்மா சிம்னி விளக்கோடு மாட்டைப் பார்க்கப் போனாள். என் அப்பாவைப் போல ஏமாளி இந்த மலையில் இல்லை என்று முடிவு செய்து, அழுதுகொண்டே தூங்கினேன்.

போன வாரம் சித்தப்பா மகன் ஒரு சுருள் ஒயரோடு வந்தான். கூடவே என் பேத்தி.

"ஏனுங்கண்ணா, எங்க பொட்டியில இருந்து உங்க பொட்டிக்கு ஒரு ஒயர் இழுத்துரலாம்ங்க. புள்ள தன்னோட ஊட்டுலயே உக்காந்து படிக்கட்டும்."

"என்னுது பழசாச்சே. ஆகாதுன்னு சொல்லிட்டாளே."

"முன்னால நிறுத்தத்தான் ஆகாதுங்க தாத்தா," என்றாள் பேத்தி. "வெளியுலகத்தோட பேசறதைப் புதுசு பாத்துக்கும். இது பின்னால இருந்து நம்ம ஊட்டுக்குள்ள மட்டும் கொடுத்தாப் போதும். கம்பம் வந்ததும் புதுசு வாங்கிக்கலாம்ங்க."

"உங்க ஊட்டு ஒயர் எனக்கு வேண்டாம்ப்பா," என்றேன் அவனிடம். அறுபது வருஷத்துக் கோபம் அதில் இருந்திருக்க வேண்டும். அவன் சிரித்தான்.

"இது உங்க ஊட்டு ஒயர்தானுங்கண்ணா. அப்ப வந்தது இப்பத் திரும்பிப் போவுது. எங்கப்பன் சாவற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. பெரீப்பா கூடையத் தூக்கிக்கிட்டு அந்தச் செவுத்தோரம் வந்து உக்காந்ததும்தான் சத்தத்தைத் திருகுவாராம். அண்ணன் நம்ம ஊட்டு வாசல்ல வந்து உக்காந்து பாட்டுக் கேக்க மாட்டான், அங்கயே கேக்கட்டும்னு. எங்கம்மா கட்டை தீருதுன்னு கத்துமாம். தீரட்டும்டின்னு சொல்வாராம்."

அவன் ஏணியை எடுத்துவந்து, பலா மரத்தின் வழியாக ஒயரை இழுத்து, எங்கள் கிழக்குச் சுவரில் ஒரு துளையிட்டு உள்ளே விட்டான். ஐந்து விளக்குகளும் எரிந்தன. பேத்தி அந்தச் சுவரோரமே பாயை விரித்து உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் அவள் எழுந்து மின்விளக்கைப் போட்டாள். சாயங்காலம் எங்கள் வீட்டில் முதலில் இருட்டுவது அந்தப் பக்கம்தான். திருகுகளையும் கட்டைகளையும் ஒன்றுவிடாமல் எண்ணிவைத்த அந்த நான்காம் வகுப்புப் பையன், அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அப்பா சொன்னதை மட்டும் நம்பிவிட்டான்.